வேலியும் ரசிகனும்

பாடியவனைப் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு. பாடலைப் பற்றி ஆய்வுகள் உண்டு. பாட்டுக் கேட்பதற்கென்று இரவிலே வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போனவனைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அவன் ஒரு தனி மனிதனாக ஏட்டிலே இடம்பெறுவதில்லை. ‘சபையோர்’ என்றோ, ‘பெருந்திரள்’ என்றோ, ஏதும் அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால் ‘கட்டுக்கடங்காத கும்பல்’ என்றோ ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறான். கலையின் வரலாற்றைக் கலைஞனின் வரலாறாக மட்டும் எழுதிவந்த பழக்கத்தின் விளைவு இது.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடைபெற்றது. தென்னிந்தியத் திரைநட்சத்திரங்கள் பலரும் வந்திருந்தனர். காசு கொடுத்துச் சீட்டுப் பெற்றோருக்கு மேடைக்கு அண்மையில் கதிரைகள். சீட்டில்லாதோருக்குத் தடுப்புகளின் பின்னே நிற்க இடம். இரவு ஏற ஏறப் பின்னே நின்றவர்கள் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தனர். கோபுரங்களிலும் மரங்களிலும் இளைஞர் ஏறினர். நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டது. மறுநாள் தொடங்கிய கண்டனங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் பாய்ந்தன: எமது சனங்களுக்கு ஒழுங்கு தெரியாது, உலகின் முன் தலைகுனிவு, இன்றைய இளைஞர் சீரழிந்துவிட்டனர். ஆசிரியர் கூடும் அறைகளிலும் இதே பேச்சுத்தான். நம்மிடம் படித்த பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது என்பதனால், அதைக் கேட்டுவிட்டுப் பேசாதிருத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல. தடுப்பைத் தள்ளியவனைப் பற்றி இவ்வளவு பேசினோம். தடுப்பு அங்கே எப்படி வந்தது என்று கேட்டோமா? இக்கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னே செல்கிறது.

கிண்ணியாவிலிருந்து எழுதுபவருக்கு இரவுப்பயணம் என்பது முதலிற் கடவையைப் பற்றிய விடயம். தம்பலகாமம் குடாவும் கொட்டியாரக் குடாவும் சந்திக்கும் நீர்வழியின் ஒரு கரையிலே ஊர். மறுகரையிலே திருகோணமலைக்குச் செல்லும் தெரு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை இக்கரையிலிருந்து அக்கரைக்குப் ‘பாதை’ என்று மக்கள் அழைத்த மிதவையே துணை. பட்டினத்தில் நாடகமோ, களியாட்டவிழாவோ, படக்காட்சியோ எதுவாயினும் அதைப் பார்க்க விரும்பிய கிண்ணியா வாலிபனுக்குச் சீட்டின் விலையைவிடத் திரும்பிவரும் கவலையே பெரிது. பாதை தவறினால் விடியும்வரை அக்கரையிலே கிடக்கவேண்டும். நீரைக் கடப்பது எம்மவருக்குக் கவிதைப்பொருள் அல்ல என்பதை, 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர் உட்பட உயிர்கள் பலியானபோது நாடு முழுவதும் அறிந்துகொண்டது. ஆகவே எமது பகுதியில் இரவிலே இசை கேட்கப் போனவனை வேலையற்றவன் என்று சொல்லிவிடுவது எளிதல்ல. அத்துணை தொல்லைகளைத் தாங்கிக்கொண்டு ஒருவன் புறப்படுகிறான் என்றால், அவனை இழுத்தது ஏதோ உண்மையான தேவையாகத்தான் இருக்கவேண்டும்.

அத்தேவை புதிதன்று. கிழக்கிலங்கையின் கூத்துக்களரி வட்டமானது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க நடுவிலே ஆட்டம், விடியவிடிய மத்தளம். முஸ்லிம் ஊர்களிலே களிகம்பு ஆட்டமும் கந்தூரி இரவுகளும் இருந்தன. பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் இடையே இருந்த தூரம் சில முழங்களே. ஆடுபவன் பகலிலே பக்கத்து வயலில் வேலை செய்தவன். அவன் பிழைவிட்டால் உடனே எடுத்துச்சொல்லும் தகுதி பார்ப்பவனுக்கு உண்டு. இந்தக் களரியில் விலை என்னும் வேலி இருக்கவில்லை. ஆயினும் அதைப் பொற்காலமாகப் போற்றுவதும் பொருந்தாது. யார் ஆடலாம், யார் எங்கே அமரலாம், யார் எட்டி நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த சமூகம் அது. கண்ணுக்குத் தெரியாத வேலி மிகவும் உறுதியானது. 1960களின் பிற்கூற்றிலே யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் அதை உடைக்க நேர்ந்தபோது எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை வாசகர் அறிவர்.

பார்சி நாடக மரபைப் பின்பற்றிய தென்னிந்தியக் குழுக்கள் கடல்கடந்து வந்தபோது கொட்டகையும் உடன் வந்தது. வட்டக்களரி மறைந்து, மூன்று பக்கமும் அடைக்கப்பட்டு ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை எழுந்தது. மக்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்க்குமாறு அமர்த்தப்பட்டனர். வாசலில் சீட்டு, உள்ளே கதிரை, வாங்கு, தரை என்ற படிநிலை. சாதியின் வேலியோடு காசின் வேலியும் சேர்ந்துகொண்டது எனலாம். ஆனால் காசின் வேலிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: தரைச்சீட்டு வாங்கியவன் யாரென்று அது கேட்பதில்லை. பழைய வேலியின் அருகே நிற்கவும் விடப்படாத ஒருவன், புதிய வேலிக்குள்ளே சில சதத்தைக் கொடுத்து நுழைந்துவிட முடிந்தது. முதலாளித்துவம் ஒரு கையால் திறந்து மறுகையால் மூடும் கதவுகளுள் இதுவும் ஒன்று.

திருகோணமலைத் துறைமுகத்தின் கதையும் இதனோடு ஒட்டியதே. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை, மேனாட்டு வாத்தியங்கள் தளத்தின் மதிலுக்குள்ளே ஒலித்தன. ஊரவன் அந்த மதிலுக்குள் கூலியாளாக நுழைந்தான், கேட்போனாக நுழையவில்லை. மதிலுக்கு வெளியே, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழ்ந்த பறங்கியரின் வீடுகளிலே, போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த பைலாத் தாளம் வயலினோடு வாழ்ந்துகொண்டிருந்தது. பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் அந்தத் தாளத்தைச் சிங்களப் பாட்டாக்கி நாடெங்கும் பரப்பினார். எங்கள் இசையிரவுகளுக்கு நாடகக் கொட்டகை ஒரு தாய் என்றால், இந்தப் பறங்கித் தெரு மற்றொரு தாய்.

இனி மின்சாரக் கிற்றாரின் காலத்துக்கு வருவோம். மனிதக் குரல் தானாகச் சில நூறுபேரையே எட்டும். ஒலிபெருக்கி அதனைப் பல்லாயிரம் பேரிடம் கொண்டுபோயிற்று. பல்லாயிரம் பேர் கூடும்போது மண்டபம் போதாது. விளையாட்டு மைதானம் வேண்டும். மைதானத்திலே காசு வசூலிக்க வேண்டுமாயின் அதை அடைக்கவேண்டும், வாசல்களைக் குறைக்கவேண்டும். றொக் இசையின் வரலாறு இவ்வகையில் வேலியின் வரலாறாகவும் இருக்கிறது. 1965 ஓகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஷே மைதானத்தில் பீற்றில்ஸ் குழுவினர் பாடியபோது 55,600 பேர் கூடினர். மைதானத்தின் நடுவே சிறு மேடை, சுற்றிலும் வெறுந்தரை, அதற்கப்பால் தடுப்பு, தடுப்புக்கு அப்பால் மக்கள். கூக்குரலிலே பாட்டு மூழ்கிப்போயிற்று. பாடியவருக்கே தம் குரல் கேட்கவில்லை. இதைச் சொல்லி நகைப்பவர் உண்டு. எனினும், கேட்காத பாட்டுக்காக அத்தனை ஆயிரம் பிள்ளைகள் ஏன் தொண்டை கிழியக் கத்தினார்கள் என்று ஆராய்ந்தால், அவர்கள் தேடியது பாட்டை மட்டுமல்ல, ஒருவர் அருகில் மற்றவரை என்பது புலனாகும். வீட்டிலும் பள்ளியிலும் தனித்தனியே அடக்கப்பட்ட ஒரு தலைமுறை, தான் எத்துணை பெரியது என்பதை அன்றுதான் கண்ணாற் கண்டது.

அருகில் அமர்தல் சிறிய விடயமா? அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1964 செப்டெம்பர் 11ஆம் திகதி அதே குழுவினர் அமெரிக்காவின் தென்பகுதியிலே, புளோரிடா மாநிலத்து ஜக்சன்வில் நகரின் கேற்றர் போல் மைதானத்தில் பாட ஒப்பந்தமாகியிருந்தது. சிவில் உரிமைச் சட்டம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்களே கடந்திருந்தன. சட்டம் தாளிலே மாறியது. மைதானத்துக் கதிரைகள் மாறவில்லை. கறுப்பர் ஒருபுறம், வெள்ளையர் ஒருபுறம் என்று பிரித்து அமர்த்தப்படும் சபையின் முன் தாம் பாடப்போவதில்லை என்று அக்குழுவினர் சில நாட்களுக்கு முன்பே பகிரங்கமாக அறிவித்தனர். நகர அதிகாரம் பணிந்தது. நிகழ்ச்சி நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து பிரிவினைச் சபையின் முன் பாடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்ற விதி அவர்களது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது.

இதுவரை சொன்னது கலைஞரின் கதை. ரசிகரின் கதை இதைவிடப் பெரிது. அன்றிரவு அந்த மைதானத்துக்குக் கிற்றி ஒலிவர் என்ற கறுப்பினப் பாடசாலை மாணவி தனியாகப் போனாள். வெள்ளையரின் அருகே அமர்ந்து பழக்கமில்லாத பிள்ளை. சுற்றிலும் வெள்ளை முகங்கள், மனதிலே அச்சம். பாட்டுத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தனர், எல்லோரும் கத்தினர், அவளும் கத்தினாள். அடுத்த ஆண்டு புளோரிடாப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்ட முதற் கறுப்பின மாணவர் சிலருள் அவளும் ஒருத்தி. பின்னாளில் இன உறவுகள் பற்றிய வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் அறிஞராக விளங்கினார். 2016இல் வெளிவந்த ஆவணப்படமொன்றில் அந்த இரவை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரே இரவின் கூச்சல் இனவெறியை ஒழித்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார். ஆயினும் சட்டம் கொடுத்த உரிமையை உடம்பினால் முதன்முதல் உணர்ந்த இடம், அந்தப் பிள்ளைக்கு நீதிமன்றமும் அல்ல, வாக்குச்சாவடியும் அல்ல. ஒரு பாட்டுக்கச்சேரியின் கதிரை.

ரசிகன் என்பவன் மேடையிலிருப்பவரின் அடிமை என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. 1976 ஓகஸ்ட் 5ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹம் நகர மேடையிலே கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்ரன் குடியேறியவருக்கு எதிராக இனவெறி கக்கினார். இனோக் பவல் என்ற அரசியல்வாதியை ஆதரிக்குமாறு சபையிடம் கூறினார். இவரது இசையின் வேர் கறுப்பரின் புளூஸ். இரண்டாண்டுகளுக்கு முன் இவருக்குப் பெரும் வெற்றி தேடித்தந்த பாட்டு ஜமேக்காக் கலைஞன் பொப் மார்லியுடையது. கேட்டவர் வாளாவிருக்கவில்லை. ரெட் சோண்டர்ஸ் முதலிய சிலர் இசை ஏடுகளுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினர். உமது இசையின் பாதி கறுப்பருடையதல்லவா என்று அதில் கேட்டனர். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ என்ற இயக்கம் அக்கடிதத்திலிருந்தே பிறந்தது. 1978 ஏப்ரல் 30ஆம் திகதி லண்டன் டிரபல்கர் சதுக்கத்திலிருந்து விக்ரோரியாப் பூங்காவரை ஊர்வலம். பூங்காவிலே கிளாஷ், ஸ்ரீல் பல்ஸ் முதலிய குழுக்களின் பாட்டு. கூடியோர் தொகை 80,000 வரை என மதிப்பிடப்பட்டது. சீட்டு இல்லை, காசு இல்லை. கிழக்கு லண்டனில் ஆசியத் தொழிலாளர் தெருவிலே தாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 23இல் சவுதோல் நகரில் நாசிசவாதிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் பொலிஸாரால் தாக்கப்பட்டு உயிர்நீத்த பிளேர் பீச் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதையும் இங்கே குறித்துவைப்போம்.

பொப் மார்லியின் பெயர் வந்ததனால் அவருடைய ஓர் இரவையும் சொல்லவேண்டும். 1980 ஏப்ரல் 17 நள்ளிரவு. றொடீசியா என்ற பெயர் மறைந்து சிம்பாப்வே பிறக்கிறது. அன்று சோல்ஸ்பரி என்றும் பின்னர் ஹராரே என்றும் பெயர் பெற்ற தலைநகரின் ருபாரோ மைதானத்தில் விழா. மார்லி தமது சொந்தச் செலவிலே வாத்தியங்களையும் ஒலிக்கருவிகளையும் விமானத்தில் கொண்டுவந்திருந்தார். உள்ளே பிரமுகர், பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ், வெளியே அழைப்பிதழ் இல்லாத மக்கள். யாருடைய விடுதலைக்காக விழாவோ அவர்கள் வேலிக்கு வெளியே. பாட்டொலி கேட்டதும் அவர்கள் வாயில்களைத் தள்ளினர். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தனர். புகை மேடைவரை வந்து பாடுவோரும் இறங்கவேண்டியதாயிற்று. புகை அடங்கியபின் மீண்டும் ஏறிப் பாடினர். மறுநாள் பொதுமக்களுக்கென இன்னொரு முறை பாடினர். விடுதலைபெற்ற நாட்டின் முதற் புகைக்குண்டு பாட்டுக் கேட்க வந்தவர்மீதே விழுந்தது என்பதைச் சிம்பாப்வேயின் பின்வந்த வரலாற்றோடு சேர்த்துப் படிப்பவருக்கு அதன் பொருள் விளங்கும்.

நமது நாட்டிலே மின்சாரக் கிற்றார் 1960களின் நடுப்பகுதியில் உள்ளூர் மொழிகளைப் பேசத்தொடங்கியது. 1966இல் தோன்றிய ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவின் கிளறன்ஸ் விஜேவர்த்தன சிங்களப் பாட்டுக்கு அதைப் பழக்கினார். தமிழிலே நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும், எமது திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்களும் அதே வழியில் நடந்தனர். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் தென்னிந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் குறைந்தபோது, உள்ளூர்க் குரலுக்குச் செவிகள் கிடைத்தன. ‘பொப்’ என்று நாம் அழைத்த அப்பாட்டுகளைப் பண்டிதர்கள் வெறுத்தனர். முற்போக்காளர் பலரும் அவற்றை மேனாட்டுச் சீரழிவின் எச்சமென்று ஒதுக்கினர். இந்த ஒதுக்கல் ஆய்வின்பாற்பட்டதன்று என்பது எமது கருத்து. அப்பாட்டுகளிலே கள்ளுக்கடை இருந்தது, மாமி இருந்தாள், மீன்சந்தை இருந்தது. யாழ்ப்பாணத்துத் தெருப்பேச்சு முதன்முதலாகக் கிற்றாரோடு சேர்ந்து ஒலித்தது. மனோகரன் பரப்பிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழுமாய்க் கலந்து ஒலித்தது. ஒரே பாட்டை இரு இனத்து இளைஞரும் சேர்ந்து பாடிய அந்தச் சில ஆண்டுகளின் பெறுமதி, அவை போனபின்னரே எமக்குத் தெரிந்தது.

1983க்குப் பின் கிழக்கில் இரவு என்றால் ஊரடங்கு, சோதனைச்சாவடி, விளக்கணைத்த வீடு. ஒரு தலைமுறை முழுவதும் மாலை ஆறுமணிக்குக் கதவைச் சாத்தி வளர்ந்தது. இசை அப்போதும் இருந்தது. ஒலிநாடாவிலும் வானொலியிலும் சுவர்களுக்குள்ளே இருந்தது. இருட்டிலே ஆயிரம்பேர் மத்தியில் அச்சமின்றி நிற்கும் அனுபவம்தான் இல்லாது போயிற்று. இன்று இசையிரவுக்கு ஓடும் பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கண்டிக்கும் தகப்பன், தன் பதினெட்டாம் வயதில் அப்படியோர் இரவை ஒருமுறையேனும் கண்டவனல்லன். கண்டிப்பின் அடியிலே பொறாமை கலந்திருந்தால் அதில் வியப்பில்லை.

2009இல் போர் ஓய்ந்தது. அதே ஆண்டு கிண்ணியாப் பாலமும் வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல இரவு திறந்தது. 2023 ஒக்டோபர் 21ஆம் திகதி இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடத்திய ‘யாழ் கானம்’ நிகழ்ச்சிக்கு அனுமதி இலவசம். மக்கள் வெள்ளமாகக் கூடினர். நான்கு மாதத்துக்குள் அதே வெளியிலே மேற்சொன்ன பெப்ரவரி நிகழ்ச்சி. இம்முறை அந்த வெளியின் நடுவே கோடு கீறப்பட்டது: முன்னே காசு, பின்னே சனம். நகரின் பொதுவெளி முற்றவெளி. காலாகாலமாக யாரும் வந்து குந்தியிருந்து காற்று வாங்கும் நிலத்தை ஓர் இரவுக்குக் கூறுபோட்டு, பொதுமக்களையும் உள்ளே அழைத்து, அவர்களுக்கு எதுவும் தெரியாத தூரத்தில் நிறுத்துவது என்ன வகை ஒழுங்கு? தள்ளியதை நியாயப்படுத்த இதைக் கூறவில்லை. தள்ளலினால் முன்னே இருந்த முதியோரும் குழந்தைகளும் பட்ட கலக்கம் உண்மை. ஆனால் தள்ளலை உண்டாக்கும் அமைப்பைத் திட்டமிட்டவர் மேடையின் பின்னே இருக்க, பழி முழுவதும் தள்ளியவன் தலையில் விழுவது வரலாற்றுக்குப் புதிதன்று.

காசு கொடுத்தவனும் வேலியின் சரியான பக்கத்திலே நிற்கிறான் என்று எண்ணவேண்டாம். 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைக்குத் தெற்கே பனையூரில் ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கிற் செலவிட்டுச் சீட்டு வாங்கியவர்கள், சீட்டைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வெளியே நின்றனர். உள்ளே நெரிசல், பெண்கள் பலர் தாம் தொல்லைக்குள்ளானதாகக் கூறினர், நெடுஞ்சாலை மணிக்கணக்கில் அடைபட்டது. ரகுமான் வருத்தம் தெரிவித்தார். உள்ளே நுழைய முடியாதோரின் பணத்தைத் திருப்பித்தர ஏற்பாடாயிற்று. ஏற்பாட்டாளர்மீது பொலிஸார் வழக்குப் பதிந்தனர். சென்னையிலேயே இதற்கு மாறான ஓர் இரவும் உண்டு. 2018 ஜனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானமொன்றில், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த ‘காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்’ குழு முதன்முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லாட்சியிலிருந்து அதன் பெயர் எடுக்கப்பட்டது. வடசென்னைச் சாவுவீடுகளில் ஒலித்த கானாவும் பறையும் கிற்றாரோடும் டிரம்ஸோடும் அன்று ஒரே மேடையில் நின்றன. அனுமதி இலவசம். களரிக்காலத்துச் சாதிவேலியையும் கொட்டகைக்காலத்துக் காசுவேலியையும் ஒரே இரவிலே தாண்ட முயன்ற நிகழ்ச்சி அது.

‘ஒழுங்கு தெரியாத சனம்’ என்ற தீர்ப்பைச் சோதிக்க மிகப் பொருத்தமான சான்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரிலே கிடைக்கிறது. 1979 டிசெம்பர் 3ஆம் திகதி ‘த ஹூ’ என்ற ஆங்கில றொக் குழுவின் நிகழ்ச்சி. விற்கப்பட்டவை 18,000க்கு மேற்பட்ட சீட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை இருக்கை குறிக்கப்படாதவை. முந்தி வருபவனுக்கு முன்னிடம் என்பது இதன் கருத்து. ஆகவே பிற்பகலிலிருந்தே பிள்ளைகள் குளிரிலே வாசலில் நெருங்கி நின்றனர். கதவுகள் பல இருந்தும் திறக்கப்பட்டவை சிலவே. உள்ளிருந்து வாத்திய ஒலி வந்தது. நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்று பின்னே நின்றோர் எண்ணி முன்னே நகர்ந்தனர். பின்னே நிற்பவனுக்கு முன்னே நடப்பது தெரியாது. முன்னே இருப்பவனுக்குப் பின்னே போக வழியில்லை. பதினொரு பேர் மாண்டனர். பதினைந்து வயதிலிருந்து இருபத்தேழு வயதுவரை உள்ளவர்கள். காலால் மிதிபட்டதனாலன்று, நின்றபடியே நெஞ்சு அழுந்தி மூச்சடைத்து இறந்தனர். உள்ளே பாட்டு நடந்துமுடியும்வரை பாடியவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

மறுநாட் செய்திகள் ‘வெறிகொண்ட கும்பலின் ஓட்டம்’ என்றே எழுதின. போதை என்றன, காட்டுமிராண்டித்தனம் என்றன. நோரிஸ் ஜோன்சன் என்ற சமூகவியலாளர் அந்த இரவில் அங்கிருந்தோர் பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலங்களை எடுத்து ஆராய்ந்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெறிகொண்ட ஓட்டம் எதையும் அவர் காணவில்லை. அவர் கண்டது, மூச்சுமுட்டும் நெரிசலிலும் விழுந்தவரைத் தூக்கிவிட்டவர்களை. அறிமுகமில்லாத பெண்ணைத் தலைக்குமேலாகக் கைமாற்றி வெளியே அனுப்பியவர்களை. கதவைத் திறக்குமாறு உள்ளே இருந்த காவலரைக் கெஞ்சியவர்களை. நகரசபையோ நான்கு வாரங்களுள் இருக்கை குறிக்காத சீட்டைத் தடைசெய்தது. அதாவது, பழி பிள்ளைகள்மீது சுமத்தப்பட்ட அதே மாதத்தில், பிழை எங்கே இருந்தது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இறந்தோருள் மூவர் அந்நகரின் புறத்தேயுள்ள ஃபின்னிற்றவுன் உயர்நிலைப் பாடசாலையோடு சேர்ந்தவர்கள். முப்பது ஆண்டுகளின் பின், அப்பள்ளியின் பழைய மாணவர்கள் அம்மூவரின் பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினர். கலையும் இசையும் பயிலச்செல்லும் அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அதிலிருந்து புலமைப்பரிசில் வழங்கப்படுகிறது. ‘த ஹூ’ குழுவினர் 42 ஆண்டுகள் அந்நகரிற் பாடவில்லை. 2022 மே 15ஆம் திகதி மீண்டும் வந்து பாடினர்.